பொறுமை அல்ல, உறுதி!

(காரியாபட்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழைத்து ஓய்ந்த பாட்டிமார்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பாட்டி என்றதும், கதை சொல்லும் கிழவியை எண்ணிக்கொள்வர் சிலர்; பொறுமையின் உருவம் என்று போற்றுவர் வேறு சிலர். ஏட்டிலே எழுதுவதற்கு அது எளிது, எழிலாகவும் இருக்கும். ஆனால் கரிசல் காட்டிலே பாடுபட்டு உடல் தேய்ந்த ஒரு மூதாட்டியிடம் சென்று, "அம்மா! நீ பொறுமையின் உருவம்!" என்று சொல்லிப் பாருங்கள். பொக்கை வாய் திறந்து சிரிப்பாள். பொறுத்துக்கொண்டு கிடந்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருக்குமா என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் இன்று நான் பேசவந்த பொருள்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையிலே இருக்கிறது நமது காரியாபட்டி. வைகைப் பாசனம் நமக்கு இல்லை. தாமிரபரணியின் தண்ணீரும் இல்லை. குண்டாறு உண்டு, ஆறு என்ற பெயரும் உண்டு, ஆண்டு முழுதும் அதிலே நீர் உண்டா? ஐப்பசி, கார்த்திகையில் வானம் மனம் வைத்தால் கண்மாய் நிறையும். வைக்காவிட்டால் ஊருணியும் வறளும். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய் — இவைதாம் இந்த மண் தரும் செல்வம். அதுவும் பொய்த்துவிட்டால், சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்து விற்றுத்தான் அடுப்பெரிய வேண்டும்.

இந்த மண்ணிலேதான் என் பாட்டி வாழ்ந்தாள். இளவயதிலேயே கணவனை இழந்தாள். மூன்று பிள்ளைகள், காணி நிலமும் கிடையாது. களை எடுத்தாள், கதிர் அறுத்தாள், பருத்தி எடுத்தாள், கோடையிலே கரிமூட்டத்துப் புகையிலே நின்றாள். காய்ந்த பருத்திக்காயின் முனை கிழித்த தழும்புகள் அவள் விரல்களிலே கடைசிவரை இருந்தன. எழுத்து அறியாள். ஆனால் கணக்கு அறிவாள்! வேலைக்குச் சென்ற ஒவ்வொரு நாளுக்கும் வீட்டுச் சுவரிலே ஒரு கரிக்கோடு. அதுதான் அவளுடைய பேரேடு!

ஓர் ஆண்டு, பருத்தி எடுப்பு முடிந்து கூலி கொடுக்கும் நாளிலே, நிலக்காரர் வீட்டுக் கணக்கிலே மூன்று நாள் குறைந்திருந்தது. மற்றப் பெண்கள் முணுமுணுத்தனர். பாட்டி முணுமுணுக்கவில்லை. "எங்கள் கணக்குச் சரியாகும்வரை நாளைக்கு மிளகாய்க் காட்டிலே ஒருத்தியும் இறங்கமாட்டோம்" என்றாள். மறுநாள் பதினேழு பெண்கள் வரப்பிலே உட்கார்ந்தனர். கூச்சல் இல்லை; கும்பிடும் இல்லை. உச்சிப் பொழுதுக்குள் மூன்று நாள் கூலியும் வந்துசேர்ந்தது!

இதற்கா பொறுமை என்று பெயர்? இல்லை, தோழர்களே! உறுதி என்று பெயர். தன் உழைப்பின் விலையைத் தானே அறிந்த உறுதி!

அந்த உழைப்பின் விலையை உலகம் நன்றாகவே அறிந்திருந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர் நடந்தபோது, லங்காஷயர் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பஞ்சு வருவது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை ஏறிற்று. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து தென்பாண்டிக் கரிசலின் பஞ்சு கப்பலேறிற்று. 1892இல் மதுரையிலே ஹார்வி ஆலை எழுந்தது. வணிகன் பெயர் வரலாற்றிலே உண்டு. ஆலை முதலாளி பெயர் உண்டு. செடியிலிருந்து பஞ்சை எடுத்தவள் பெயர் எங்கே? சுவரிலே கரிக்கோடாக இருந்தது. வெள்ளை அடித்ததும் மறைந்துபோயிற்று!

மறையாமல் நின்ற பெயர் ஒன்றும் உண்டு. மதுரை மாவட்டத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை! அவரும் எழுதப் படிக்கக் கற்காதவர். வயலிலே கூலி வேலை செய்தவர். உடன் உழைக்கும் பெண்களைக் கூட்டாகச் சேர்த்து, வேலை பேசி, கூலி பேசி, தலைமை தாங்கியவர். பின்னர் களஞ்சியம் இயக்கத்திலே, பெண்கள் சிறுகச் சிறுகச் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக் கந்துவட்டியிலிருந்து மீளும் வழியை ஊர் ஊராகச் சென்று சொன்னவர். 2001ஆம் ஆண்டு தில்லியிலே அவருக்கு விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் தேடிவந்தது.

ஒரு சின்னப்பிள்ளையின் காலை நாடு தொட்டது, நல்லது. மற்றப் பாட்டிமார்களின் கைக்கு என்ன கிடைத்தது?

1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1976இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் வந்தது. 2019இல் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டம் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கிற்று. 1989இல் தமிழ்நாட்டிலே, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. சட்டப் புத்தகத்திலே எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்னும் வழக்கம் இன்னும் எத்தனை சிற்றூர்களிலே இருக்கிறது! பட்டாவிலே பெண் பெயர் ஏறாத வீடுகள் எத்தனை!

சட்டம் தானாக நடந்து வீட்டுக்கு வராது. அன்று வரப்பிலே அமர்ந்தார்களே பதினேழு பெண்கள், அவர்களைப் போன்றோர்தாம் அதைக் கைப்பிடித்து அழைத்துவர வேண்டும்.

ஆகவே தோழர்களே, பாட்டிக்குப் படம் திறந்து மாலை போடுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரிலே உழைத்து ஓய்ந்த மூதாட்டியின் வீட்டுத் திண்ணையிலே சென்று அமருங்கள். முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் மனு எழுதிக் கொடுங்கள். தாலுகா அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். அவள் மகளுக்கும் பேத்திக்கும் ஆணுக்கு நிகரான கூலி கிடைக்கிறதா, சொத்திலே அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டியின் துன்பத்தைப் புகழ்வது நம் வேலை அன்று. அந்தத் துன்பம் பேத்திக்கு வராமல் தடுப்பதே நம் வேலை. அவளிடமிருந்து நாம் பெற வேண்டிய சொத்து ஒன்றுதான் — அந்த உறுதி! அதைப் பெறுவோம், பணியிலே இறங்குவோம்!