அப்பர் மீண்ட வழி

அண்ணாமலையை வலம் வரும் நாம் கயிலையையும் வலம் வர விழைகின்றோம். இங்கே 14 கிலோமீட்டர். அங்கே ஏறத்தாழ 52. திபெத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற ஙாரி விமான நிலையம் 4,274 மீட்டர் உயரத்தில் உள்ளது. அப்பரடிகள் கால் தேய, கை தேய, மார்பு தேய நாடிச் சென்ற மலைநாட்டில் நாம் சில நாழிகையில் இறங்கிவிடலாம்! உடம்போ விமானத்தின் வேகத்தை அறியாது. அங்கு ஒரு மூச்சில் கிட்டும் பிராணவாயு இங்குள்ளதில் பத்தில் ஆறு பங்கே. சில நாள் தங்கி உடம்பைப் பழக்காமல், 5,600 மீட்டருக்கு மேற்பட்ட டோல்மா கணவாயில் ஏறப் புகுவது பக்தியன்று, வெறுந்துணிச்சல். தலைவலி, வாந்தி, மூச்சுமுட்டல் கண்டால், ஈசன் காப்பான் என்று மறைத்தல் தகாது. தாழ இறங்குதலே முதல் மருந்து. மீள்வதை இழுக்கென்று எண்ணற்க. அப்பரையே பெருமான் இடைவழியில் நிறுத்தித் திருப்பினார். பொய்கையில் மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சி கிடைத்ததும் அங்கேயன்றோ!