இடாப்பும் இயந்திர அறிவும்



செயற்கை நுண்ணறிவு வளர வேண்டுமாயின் மக்களின் தனிப்பட்ட விபரங்களைக் காக்கும் சட்டம் தளர வேண்டும் என்கின்றனர் சிலர். அறிவு வளர்ச்சியை நாம் வெறுப்பவரல்லர். தமிழறிந்த இயந்திரத்தை நம் இளைஞரே ஆக்க வேண்டுமென விரும்புகின்றோம்.

ஆயினும், 1983 யூலையை வெள்ளவத்தை மறக்குமா? வாக்களிப்பதற்கெனத் தொகுத்த இடாப்பு, கலகக்காரர் கையில் தமிழர் வீட்டைக் காட்டிக் கொடுத்தது. ஒன்றுக்கெனக் கொடுத்த விபரம் வேறொன்றுக்குப் போகலாகாது என்பது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அதன் முக்கிய பிரிவுகளோ 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வராமல் ஒத்திவைக்கப்பட்டன. காவலாளி வருமுன்னே கதவைக் கழற்றலாமோ?

பெயரும் முகவரியும் நீக்கிய தரவை ஆய்வுக்கு மனமுவந்து அளிப்போம். பெயரோடு கேட்பின், எதற்கென்று கேட்போம்.