டயரின் காற்றும் எச்சரிக்கை விளக்கும்

அமெரிக்காவில் டயர்கள் பிய்ந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் மாண்டதையடுத்து, 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக, 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டிற்கெனத் தயாராகும் கார்களிலும் இலகுரகப் பிக்கப் லாரிகளிலும் டயரின் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று.

பல வண்டிகளில், சக்கரத்தினுள் உள்ள சிறு கருவி அழுத்தத்தை அளந்து வானொலி அலைவழியே தெரிவிக்கிறது. ஆனால், காற்று கால் பங்கு குறைந்தால் விளக்கு எரியவேண்டும் என்பதே விதி. சதுர அங்குலத்துக்கு 40 ராத்தல் இருக்கவேண்டிய அழுத்தம் 32 ஆக இறங்கினாலும் விளக்கு எரியாதிருக்கலாம். பாரம் ஏற்றிய பிக்கப்பில், அந்தக் குறைவே டயரைச் சூடேற்றி வலுவிழக்கச் செய்யும்.

ஆகவே, விளக்கு இருக்கிறதென்று நாம் வாளாவிருத்தல் கூடாது. பாரம் ஏற்றுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, ஓட்டுநர் கதவோரம் குறித்துள்ள அளவுப்படி காற்றைச் சரிபார்த்துக்கொள்வோம்.