குளிர் மரத்தடியிலேயே தொடங்க வேண்டும்

 

"குளிர்பதனத் துறையில இருக்கியே, அதைப் பத்தியே பேசிடு" என்று நம் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஜவ்வாது மலையை வைத்தே சொல்கிறேன்.

ஜமுனாமரத்தூர் சுற்று வட்டாரத்தில் சாமை, புளி, தேன், சீதாப்பழம், பலா எல்லாம் கிடைக்கின்றன. அங்கே ஒரு பெரியவர் என்னிடம், "பழம் எங்ககிட்ட இருக்கறவரைக்கும் நல்லாத்தாங்க இருக்கு. கீழ இறங்கினா வியாபாரி பாதியைக் கழிச்சிடறாரு" என்றார். அந்தக் கழிவு பறித்தவர் கணக்கில்தான் விழுகிறது. ஆகவே இது வெறும் இயந்திரக் கணக்கு அல்ல. ஒரு குடும்பத்தின் வருமானக் கணக்கு.

பறித்த பிறகும் பழத்துக்கு உயிர் உண்டு. அது சுவாசிக்கிறது, வெப்பத்தையும் வெளிவிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். வெயிலில் குவித்து, லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? போளூர் வந்து சேருவதற்குள்ளேயே பழத்தின் ஆயுள் கரைந்துவிடும்.

"அப்போ ரீஃபர் கன்டெய்னர்ல ஏத்திட்டா சரியாப் போச்சே சார்" என்று மாணவர்கள் கேட்பார்கள். போகாது. ரீஃபர் என்பது குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கச் செய்யப்பட்டது. சூடாக ஏற்றிய பழத்தை அது சீக்கிரம் குளிர்வித்துவிடாது. அதன் குளிர்காற்று தரையிலிருந்து மேலே எழும்பும். பெட்டிகளை வழியடைத்து அடுக்கினால் அதுவும் வீண். குளிர் மிஞ்சினாலும் ஆபத்து. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். சீதாப்பழத்துக்கும் அதிகக் குளிர் ஆகாது.

சாமைக்கும் புளிக்கும் வேறு பிரச்சினை. இவை சாதாரண இரும்புக் கன்டெய்னரில் போகும். பகல் வெயிலில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். அப்போது தானியத்திலுள்ள ஈரம் ஆவியாகும். இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி நீராகி, மூட்டைகள் மேலேயே சொட்டும். மழையே இல்லாமல் சரக்கு நனைந்து பூசணம் பிடிப்பது இப்படித்தான். சாமையை ஈரப்பதம் 12 சதவீதம் வரும்வரை காயவைத்து ஏற்றுவதும், ஈரம் உறிஞ்சும் பைகளை உள்ளே தொங்கவிடுவதும் இதற்கு மருந்து. வெயில் பட்ட புளி நிறம் கறுத்து விலை இறங்கும். தேன் சூடானால் அதில் ஹெச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். பன்னாட்டுத் தரப்படி அது கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம்; நம்மைப் போன்ற வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 வரை.

பெரிய இயந்திரம் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று மலைக்க வேண்டாம். 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்ட கப்பல், நான்கு மாதம் கடலில் வந்து, சுமார் 100 டன்னைக் கல்கத்தாவில் இறக்கியது. கம்ப்ரசர் கிடையாது. வெப்பம் உள்ளே போகாதபடி மூடிவைத்த பொதியல்தான். அந்த வியாபாரத்துக்காக 1842-இல் சென்னையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

பாடம் இதுதான்: உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியேற்றுவதைவிட, புகவிடாமல் தடுப்பது மலிவு. காலைக் குளிர்ச்சியில் பறிப்பது, பறித்ததும் நிழலில் வைப்பது, வெள்ளை விரிப்பால் மூடுவது, காற்றுப் போக்குள்ள கூடைகளில் அடுக்குவது. இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே மணல் நிரப்பி நீர் தெளிக்கும் குளிரறையை டெல்லி பூசா நிறுவனம் 1980-களிலேயே உருவாக்கியது. அதற்கு மின்சாரமே வேண்டாம். காற்று உலர்ந்திருந்தால் நன்றாகவே குளிரும்.

தம்பி தங்கைகளே, இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? வெப்பநிலை பதியும் சிறு கருவி ஒன்றைப் பழக்கூடைக்குள் வைத்து, மரத்தடியிலிருந்து சென்னை வரை அனுப்பிப் பாருங்கள். எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் சூடு ஏறியது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கருவி வாங்கும் செலவை எங்கள் செட் நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம். அளந்து வந்த கணக்கை அடுத்த சந்திப்பில் இதே மேடையில் நீங்கள் சொல்ல வேண்டும். நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.