யாரால்?
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களிலிருந்து வந்துள்ள இளைஞர்களே!

நம் மக்களைப் பற்றிய பழைய ஆவணங்களில் ‘டிப்ரஸ்டு கிளாசஸ்’ என்னும் தொடரைக் காண்கிறோம். இன்றைய மாணவரிடம் கேட்டால், ‘டிப்ரஸ்டு’ என்பதற்கு மனச்சோர்வுற்ற என்றே பொருள் கூறுவர். ஆனால் அச்சொல்லின் அடிப்பொருள் ‘கீழே அழுத்தப்பட்ட’ என்பதாகும். 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அப்பெயருக்குரிய மக்களின் பேராளர்களாகவே அமர்ந்தனர். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்திலும் அச்சொல்லே உள்ளது.

நம் தமிழிலக்கணம் இதனைத் தெளிவாக்கும். ‘தாழ்ந்த’ என்றால் தானே தாழ்ந்தது என்று பொருள்; அது தன்வினை. ‘தாழ்த்தப்பட்ட’ என்றால் தாழ்த்தியவர் உண்டு என்று பொருள், அது செயப்பாட்டுவினை. அங்கே ‘யாரால்?’ என்னும் வினா தானே எழும். ‘டிப்ரஸ்டு’ என்பதும் இவ்வகைச் சொல்லே. எனினும், அழுத்தியவரை அது அடையாளம் காட்டவில்லை. எம்.சி. ராஜா 1925இல் தம் ஆங்கில நூலின் தலைப்பில் ‘ஒடுக்கப்பட்ட’ எனப் பொருள்படும் ‘அப்ரஸ்டு’ என்ற சொல்லை ஆண்டார். ஒடுக்கப்பட்டவர் என்றதும் ஒடுக்கியவரும் நம் கண்முன் வந்து நிற்கிறார் அன்றோ?

பின்னர் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் ‘ஷெட்யூல்டு’ என்னும் அடைமொழி இடம்பெற்றது. பட்டியலில் சேர்க்கப்பட்ட என்பது அதன் பொருள். யாரால்? சட்டத்தால். அரசியலமைப்பின் 341ஆவது உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஆணை 1950இல் பிறந்தது. முன்னைய சொல் நமக்கு இழைக்கப்பட்ட தீங்கைக் குறித்தது. பின்னைய சொல் அத்தீங்கைக் களைய நாடு ஏற்ற கடமையைக் குறிக்கிறது. இரண்டுமே நம் பிறவி இயல்பைக் குறிப்பன அல்ல.

இதற்கு நம் ஊர்களே சான்று. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் இராஜபாளையம் தனித்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதி. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்குப் பின், 2011 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி, இராஜபாளையம் பொதுத்தொகுதி. ‘தனி’ என்னும் அடைமொழி ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குச் சென்றது. அதனால் ஓர் ஊர் உயர்ந்ததும் இல்லை. மற்றோர் ஊர் தாழ்ந்ததும் இல்லை.

இளைஞர்களே! கல்லூரி விண்ணப்பத்தில் ‘எஸ்.சி.’ என எழுதும்போது சிலருடைய கை தயங்குகிறது. வகுப்பில் அதனைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. அத்தயக்கம் வேண்டா. 1944 முதல் நம் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டு வரும் மேற்படிப்பு உதவித்தொகை அச்சொல்லின் மீதே நிற்கிறது. அஃது இரவலன்று, உரிமை. அதை ஏளனமாகச் சொல்வோர் எவரேனும் எதிர்ப்பட்டால், வெகுளாமல் ஒரே வினாவைக் கேளுங்கள்: “எங்கள் முன்னோர் தாழ்ந்தார்களா, தாழ்த்தப்பட்டார்களா? தாழ்த்தப்பட்டார்கள் எனில், யாரால்?”

நாணித் தலைகுனிய வேண்டியவர் அவ்வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவரே, நாம் அல்லர்.