கல்லாவுக்குப் பணம் வரும் நாள்

ஜொகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாமில் கடை போட்டவருக்குச் சாலைதான் படியளக்கிறது. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் போகும் பழைய பெருஞ்சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலையும் சந்திக்கும் ஊர் இது. முன்பெல்லாம் அந்தப் பெருஞ்சாலையில் வடக்கே போகிற வண்டிகள் இந்தச் சந்திப்பைக் கடந்தாக வேண்டும். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு, அவசரக்காரர்கள் ஊரைத் தொடாமலே போய்விடலாம். சாப்பிடவும் பீங்கான் சாமான் வாங்கவும் நின்று போகிறவர்களில் பலர் விடுமுறைப் பயணிகள். அந்த விடுமுறையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2014 முதல் ஜொகூரின் வார ஓய்வு வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. தீபாவளி 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. 2025 அக்டோபரின் விற்பனையைப் பார்த்து 2026 அக்டோபருக்குச் சரக்கு வாங்கிக் குவிக்கும் பலகாரக் கடை, மாவுக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த காசை நவம்பர் வரை பார்க்க முடியாது.

ஆகவே புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் ‘எவ்வளவு லாபம்?’ என்று கேட்பதற்கு முன் ‘எந்தத் தேதியில் பணம் கைக்கு வரும்?’ என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் தொழிற்சாலை ஒன்றுக்கு மதிய உணவு சமைத்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத பில் 9,000 ரிங்கிட், செலவு 7,000. கணக்குப்படி மாதம் 2,000 லாபம். கேட்பவர்கள் கை கொடுப்பார்கள். ஆனால் மாதக் கடைசியில் பில் வைத்து, அதிலிருந்து 60 நாளில்தான் பணம் என்றால், முதல் 9,000 வருவது மூன்றாம் மாத முடிவில். அதற்குள் 21,000 ரிங்கிட் கையைவிட்டுப் போயிருக்கும். 15,000 ரிங்கிட் முதலோடு இறங்கியவர் மூன்றாம் மாதத்தின் முதல் வாரத்திலேயே அரிசி வாங்கக் கடன் தேடுவார். தொழிலில் நட்டம் ஒரு காசும் இல்லை, ஆனால் அடுப்பு அணைந்துவிடும்.

‘நம்முடையது ரொக்க வியாபாரம், அன்றைக்குக் காசு அன்றைக்கே, இதெல்லாம் எதற்கு?’ என்பார்கள். வரவு சில்லறையாக வரலாம், செலவு மொத்தமாகத்தான் வரும். கடை முன்பணம், வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் தேதி பார்த்து நிற்பவை. 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு மாதத்துக்கான சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். புதுக் கடைக்கு மொத்த வியாபாரி எளிதில் கடன் தரமாட்டார். நம் வாடிக்கையாளரோ கடன் கேட்பார். இந்த நடு இடைவெளிக்கும் சேர்த்துத்தான் கைமுதல் தேவை. இந்தியச் சிறு வியாபாரிகளுக்கான, தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி கடன் போன்றவை அதை நிரப்ப உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தவணைக்கும் ஒரு தேதி உண்டு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: நாளை மழையா வெயிலா என்றே தெரியாதபோது மூன்று மாத வரவு செலவை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது? 2023 மார்ச் வெள்ளத்தில் பத்து பகாட், யோங் பெங் வட்டாரம் தண்ணீரில் கிடந்ததை எந்த நோட்டுப்புத்தகம் முன்கூட்டிச் சொல்லியிருக்கும்? உண்மைதான். ஆனால் போகிற பணத்தில் பெரும்பகுதி முன்பே தெரிந்தது. வருகிற பணம்தான் ஊகம். அந்த ஊகத்தைக் கஞ்சத்தனமாக எழுதலாம், வரவேண்டிய கடன் பாக்கியை ஒரு மாதம் தள்ளியே போடலாம். நோட்டுப்புத்தகத்தில் 13 வாரத்துக்கு 13 கட்டம் போட்டால் போதும். ஒவ்வொன்றிலும் வாரத் தொடக்க இருப்பு, வரவு, செலவு, மிச்சம். வாரக் கடைசியில் உண்மைத் தொகையைப் பக்கத்தில் எழுதி, அடுத்த கட்டங்களைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒன்பதாம் கட்டத்தில் மிச்சம் சுழியத்துக்குக் கீழே இறங்குவது இன்றைக்கே தெரிந்தால், தொழிற்சாலையிடம் 30 நாள் தவணை பேசிப் பார்க்க இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.