வரப்பு, கரை, அணை



வரப்பு, கரை, அணை ஆகிய மூன்றிற்கும் ‘மண்தடுப்பு’ என ஒரே பொருளை எழுதி மாணவர் மனனம் செய்வதுண்டு. அவ்வாறு கற்றால் சொல் நினைவில் நிற்கும். அதன் தொழில் மறைந்துபோகும். நீர் அங்கே என்ன செய்கிறது என்று வினவினால் வேறுபாடு தானே விளங்கும்.

வரப்பு, வயலில் தேங்கும் நீரைச் சுற்றி நிற்பது. உயரம் சிறிதாயினும், ஒருவர் நிலத்தை மற்றவர் நிலத்தினின்று பிரிப்பதும், உழவர் நடந்து செல்லும் வழியும் அதுவே. அதனை வரம்பு என்றும் கூறுவர். இலங்கைத் தமிழர் வழக்கில் அச்சொல் இன்றும் வயலில் வாழ்கிறது. எல்லை என்னும் பொருளும் அதற்கு உண்டு.

கரை, நீரின் ஓரமாகச் செல்வது. ஆற்றங்கரை இயற்கையாய் அமைவது. ஏரிக்கரை மக்கள் மண் சுமந்து எழுப்பியது. ஆக்கியவர் யார் என்பதை இச்சொல் நோக்குவதில்லை. நீரின் விளிம்பில் இருத்தலையே நோக்குகிறது.

அணை, ஓடும் நீருக்குக் குறுக்கே நிற்பது. காவிரியின் கல்லணை அதற்குச் சான்று. மண்ணா கல்லா என்பதன்று, குறுக்கே நிற்றலே அதன் இலக்கணம்.

மரபுத்தொடர்களும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. மகிழ்ச்சி கரைபுரளும், பேச்சு வரம்பு மீறும், ஆசைக்கு அணை போடுவோம். இவற்றை மாற்றி, ‘மகிழ்ச்சி அணைபுரண்டது’ என எழுதினால் செவி ஏற்பதில்லை.

நம் கண்முன் உள்ள ஒன்றையும் நோக்குவோம். சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைத்து 1924இல் திறக்கப்பட்ட பாதையைக் கடற்பாலம் என்கிறோம். அது தூண்கள்மேல் நிற்பதன்று. கடலிற் கல்லைக் கொட்டி உயர்த்தியது. நீரிணையின் ஓட்டத்தை மறிப்பது. மலாய்மொழி அதனைத் ‘தம்பாக்’ என்று, கொட்டி உயர்த்திய அமைப்பாகவே சுட்டுகிறது. அணை, பாலம் ஆகிய இரண்டையும் குறிக்கும் ‘சேது’ என்னும் சொல் தமிழிலும் வழங்குகிறது. கடற்பாலம் என்பது வழக்கில் ஊன்றிவிட்ட சொல். அதனைக் களைய வேண்டுவதில்லை. ஆயினும் பெயரை மட்டும் அறிந்த மாணவர், அதன் கீழ் நீர் ஓடுவதாகவே எண்ணுவார்.

நெல்வயலைக் காணாத தலைமுறைக்கு நாம் தமிழ் கற்பிக்கிறோம். ஆதலின் ஆசிரியர்களே, பொருளைச் சொல்லுமுன் கரும்பலகையில் நீரை வரையுங்கள்: சூழ்ந்தால் வரப்பு, ஓரமானால் கரை, குறுக்கானால் அணை. மூன்று கோடுகளில் மூன்று சொற்களும் பிழைத்துக்கொள்ளும்.